அமுதவல்லி திருத்திய வரி

முதலியார்பேட்டையில் அமுதவல்லியைத் தெரியாத அச்சகம் கிடையாது. பத்தொன்பது வருஷமாக அவள் மெய்ப்புத் திருத்துகிறாள். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பத்தாம் வகுப்பு கைடு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எது அச்சுக்குப் போனாலும் ஒருமுறை அவள் கண்ணில் பட்டுவிட்டுத்தான் போகும். ஓர் ஒற்று விட்டுப்போனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. செத்தவர் பெயரில் ரகரம் றகரமாகி, நானூறு போஸ்டரையும் திரும்ப அடிக்கவைத்த கதையை அச்சகக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவளுடைய அப்பா மில் தொழிலாளி. வீட்டில் எல்லாரும் பேசியது மில் பேச்சு. அமுதவல்லி மட்டும் தமிழ் பி.ஏ. படித்தாள். அந்தப் பேச்சை வாயிலிருந்து துடைத்துப் போட அவளுக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று. இப்போது ஐம்பதை நெருங்குகிற வயதிலும், யாராவது ‘இஸ்துகினு வந்தான்’ என்று பேசினால் அவளுக்குக் காது கூசும்.

புத்தகம் என்று ஒன்று அவள் கைக்கு வந்தது போன வருஷம்தான். அச்சக முதலாளி ராஜா கூப்பிட்டனுப்பி, ஏழு நோட்டையும் அவற்றைத் தட்டச்சு செய்த தாள்களையும் மேசையில் வைத்தார்.

“உழவர்கரையில ஒருத்தரு, மில்லுல முப்பத்தோரு வருஷம் இருந்தவரு. தன் கதைய எழுதியிருக்காரு. எடிட்டிங்கும் நீங்களே பாத்துடுங்க மேடம். உள்ள பக்கத்துல உங்க பேரு போட்டுடலாம்.”

எடிட்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் அமுதவல்லியின் மனசுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. மெய்ப்புத் திருத்துபவள் என்று அவள் பெயரை இதுவரை எந்தத் தாளிலும் யாரும் போட்டதில்லை. முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வாரமே ‘அமுதவல்லி, பி.ஏ., நூல் எடிட்டர்’ என்று நூறு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டாள்.

அதே அச்சகத்துக்கு இனியா என்ற பெண் எப்போதாவது வருவாள். சென்னைப் பதிப்பகங்களுக்குப் புத்தகம் எடிட் செய்து கொடுப்பவள், முப்பது வயது தாண்டியிருக்கும். கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு அக்கா. நீங்க எந்த எடிட்டிங் பண்றீங்க?” என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“எல்லாமும்தான்,” என்றாள் அமுதவல்லி. அதில் பல வகை உண்டு என்பதே அந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியாது. கேட்டால் மானம் போய்விடும் என்று கேட்காமல் விட்டாள்.

நோட்டுகளை எழுதியவர் பெயர் சாமிக்கண்ணு. எழுபத்துநாலு வயது. வலது கண்ணில் புரை எடுத்திருந்தார், இடது கண்ணில் இன்னும் எடுக்கவில்லை. அமுதவல்லியைப் பார்க்க பஸ் ஏறி வந்தவர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு பேசினார்.

“எனக்கு எழுத்துப் படிப்பெல்லாம் கெடையாதும்மா. அஞ்சாவதோட நின்னுட்டேன். தப்பு இருந்தா பாத்து சரி பண்ணிடுங்க.”

“எல்லாம் நான் பாத்துக்கறேன் ஐயா. நீங்க கவலையே படாதீங்க.”

அவள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு மாதம் கண் எரிய உட்கார்ந்தாள். சந்திப்பிழை ஒன்று விடவில்லை. அதோடு நிறுத்தவுமில்லை. ‘ஷிப்டு வுட்டு வெளிய வந்தா பஞ்சு தலையெல்லாம் நரைச்ச மாதிரி ஒட்டிக்கினு இருக்கும்’ என்று அவர் எழுதியதை, ‘பணி முடிந்து வெளியே வருகையில் பஞ்சு எங்கள் தலைகளில் நரைபோலப் படிந்திருக்கும்’ என்று மாற்றினாள். இப்படியே பக்கம் பக்கமாக. மாற்றியதைப் படித்துப் பார்க்கும்போது புத்தகத்தைக் குளிப்பாட்டித் தலைவாரி விட்டதுபோல அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

நாலாம் அத்தியாயத்தில் ஒரு விபத்து வந்தது. எண்பத்து நாலாம் வருஷம். பஞ்சைச் சிக்கெடுக்கும் மெஷினுக்குள் கைவிட்டு அம்மாவாசை என்ற தொழிலாளி சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது, யாரோ சுவிட்சைப் போட்டுவிட, அவனுக்கு மூன்று விரல் போய்விட்டது. அது முருகையன் என்பவன் ஓட்டிய மெஷின். முருகையன்தான் போட்டான் என்று விசாரணையில் முடிவாகி, அவனை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். சாமிக்கண்ணு அந்தப் பகுதியை ஒரு பக்கத்தில், விறுவிறுவென்று, ரிப்போர்ட் மாதிரி எழுதியிருந்தார்.

பதினோராம் அத்தியாயம் மில்லை மூடிய பிறகு நடப்பது. சாமிக்கண்ணு ரேஷன் கடை வரிசையில் அம்மாவாசையைப் பார்க்கிறார். அங்கே இப்படி ஒரு வரி: ‘அம்மாவாசை கையப் பாக்கறப்பெல்லாம் நான் போட்ட சுவிச்சு நாபகம் வரும். இத எழுதத்தான் நோட்டு வாங்கினேன்.’

அமுதவல்லியின் பேனா அங்கே நின்றது. நாலாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தாள். அங்கே முருகையன், இங்கே நான். வயசானவர், கை தவறி எழுதியிருப்பார் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படியானால் அடுத்த வரி எதற்கு என்று இன்னொரு நினைப்பும் கூடவே வந்தது. போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெளியீட்டு விழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. எல்லாம் நான் பாத்துக்கறேன் என்று சொல்லியிருந்தாள். எடிட்டர் என்று கார்டு வைத்திருப்பவள் இதற்கெல்லாம் போன் போட்டுக் கேட்டால் என்ன நினைப்பார்?

‘நான்’ என்பதை அடித்து ‘முருகையன்’ என்று எழுதினாள். ‘அம்மாவாசையின் கையைப் பார்க்கும்போதெல்லாம் முருகையன் போட்ட சுவிட்சு நினைவுக்கு வரும்.’ அடுத்த வரி இப்போது ஒட்டவில்லை. அதையும் அடித்தாள்.

கடைசி மெய்ப்பைப் படித்துப் பார்க்கும்படி ராஜா சொன்னபோது சாமிக்கண்ணு சிரித்தார். “நான் எழுதினது எனக்குத் தெரியாதா? கண்ணு வேற செரியில்ல. அந்தம்மா பாத்துட்டாங்கன்னா செரிதான்,” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

விழாவுக்கு முதல்நாள் அமுதவல்லிக்குப் போன் செய்தார். “ஏம்மா, அம்மாவாசை கை வர்ற எடம் எத்தனாம் பக்கம்?”

“நூத்தி நாப்பத்தேழு ஐயா.”

“நூத்தி நாப்பத்தேழு,” என்று திரும்பச் சொல்லி, மெதுவாக எழுதிக்கொண்டார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடலூர் சாலையில் ஒரு சின்ன மண்டபம். பழைய மில்காரர்கள் அறுபது எழுபது பேர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். அமுதவல்லிக்குச் சால்வை போட்டார்கள். மேடையில் சாமிக்கண்ணுவுக்குப் பக்கத்தில் மணியம்மாள் என்றொரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். முருகையனின் மனைவி. முருகையன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் பிரதியை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சாமிக்கண்ணு பிடிவாதமாக இருந்தாராம். கொடுத்தார். மணியம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய மகள் சிந்துஜாவை மைக்குக்கு அழைத்து, சாமிக்கண்ணு தன் சட்டைப்பையிலிருந்து பக்க எண் எழுதிய துண்டுத்தாளை எடுத்து நீட்டினார்.

“இந்தப் பக்கத்தப் படிம்மா. மேலேந்து படி. நான் படிச்சா எனக்குத் தொண்ட அடைச்சுக்கும். நீதான் படிக்கணும்.”

சிந்துஜா நல்ல குரலில் படித்தாள். ரேஷன் கடை வரிசை வந்தது, மண்ணெண்ணெய் டின் வந்தது. “அம்மாவாசையின் கையைப் பார்க்கும்போதெல்லாம் முருகையன் போட்ட சுவிட்சு…” அதற்குமேல் அவளுக்கு ஓடவில்லை.

சாமிக்கண்ணு தலையைத் தூக்கினார். “இன்னொரு தபா படிம்மா.”

படித்தாள். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

“கீழ… அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கும் பாரு.”

“கீழ ஒண்ணும் இல்லீங்க. அத்தியாயம் முடிஞ்சிருச்சு.”

மணியம்மாள் மடியிலிருந்த புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். சத்தம் போடவில்லை. “அவரு உசுரோட இருந்த வரைக்கும் சொன்னீங்க. செத்தும் விட மாட்டேங்கறீங்க. இதுக்கா என்னை மேடைக்குக் கூப்பிட்டீங்க அண்ணே?”

“நான் அப்படி எழுதல தங்கச்சி. நான் அப்படி எழுதவே இல்ல.”

“அப்ப யாரு எழுதினது?” என்று கீழேயிருந்து ஒருவர் கேட்டார்.

மணியம்மாள் மேடையை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தார். சாமிக்கண்ணு முன்வரிசையைப் பார்த்தார். அமுதவல்லியைத்தான் பார்த்தார். எழுந்து நின்று ‘நான்தான்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்த அம்மாள் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். அமுதவல்லி தன் சால்வையின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடல் கொதித்தது. கிழவர் கை நீட்டிக் காட்டிவிடுவார், காட்டட்டும் என்றுகூட இருந்தது. அவர் காட்டவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டார். ராஜா அவசர அவசரமாக நன்றியுரை சொல்லி முடித்தார். மிக்சரும் டீயும் பாதிப் பேருக்குமேல் வாங்கவில்லை.

மூன்று நாள் அமுதவல்லி போனை அணைத்து வைத்திருந்தாள். கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றாள். குளித்துக்கொண்டிருக்கும்போது, மிளகாய் கிள்ளிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று அந்த மைக் சத்தம் காதில் கேட்கும், உடம்பு அப்படியே சுருங்கும். செய்த தப்பைவிட, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே இருந்ததுதான் அவளை அதிகம் தின்றது.

நாலாம் நாள் கிளம்பி இனியாவின் வீட்டுக்குப் போனாள். தட்டச்சுத் தாள்களையும் புத்தகத்தையும் அவள் முன்னால் வைத்தாள். இனியா நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தையும் அதன் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பிறகு வேறு சில பக்கங்களையும் புரட்டினாள்.

“அக்கா, நீங்க இதுல எந்த வேலைய செய்யப்போறீங்கன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?”

“எல்லாமும்னு சொன்னேன்.”

“எல்லாமும்னு ஒரு வேலை கெடையாதுக்கா.” இனியா கடிந்துகொள்ளவில்லை. சாதாரணமாகத்தான் பேசினாள், அமுதவல்லிக்கு அதுவே அடி விழுவதுபோல இருந்தது. “மொத ஆளு திருத்தவே மாட்டாங்க. முழுசா படிப்பாங்க. இது எதைப் பத்தின புத்தகம், எதுக்காக எழுதியிருக்காரு, எது முன்னாடி வரணும், எது பின்னாடி வரணும்னு எழுதினவரோட உக்காந்து பேசுவாங்க. அந்த வேலைய யாராவது பண்ணியிருந்தா, ‘ஐயா, சுவிட்ச போட்டது யாரு’ன்னு மொத வாரமே கேட்டிருப்பாங்க. அவரும் சொல்லியிருப்பாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் வாக்கியம் வாக்கியமா பாக்கறது. அவரு குரலு அப்படியே இருக்கணும், படிக்கறவங்களுக்குத் தடுக்காம போகணும். நீங்க இங்க பாருங்க, அவர் குரலையே எடுத்துட்டீங்க. இது அவரு இல்ல, நீங்க.” பஞ்சு நரைபோலப் படிந்திருந்த வரியை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். “காபி எடிட்டிங்ல பேரு, வருஷம், முன்னுக்குப்பின் முரண் எல்லாம் பாப்போம். நாலுல ஒருத்தர், பதினொண்ணுல ஒருத்தர்னு நீங்க கண்டுபிடிச்சது அந்த வேலைதான். நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஆனா முரண் பட்டா ஓரத்துல ஒரு கேள்விதான் எழுதணும். பதில நாம எழுதக் கூடாது. எல்லாம் முடிஞ்சு, பக்கம் கட்டின பிறகு, எழுத்து கிழுத்து விழுந்திருக்கான்னு பாக்கறதுதான் மெய்ப்பு. அதுல உங்கள மிஞ்ச இந்த ஊர்ல ஆளில்ல.”

கடைசியாகச் சொன்னது பாராட்டுதான். அமுதவல்லிக்கு அது கன்னத்தில் விழுந்தது.

“கை தவறி எழுதிட்டாருன்னு நெனச்சேன் இனியா.”

இனியா தட்டச்சுத் தாளில் அடித்திருந்த அடுத்த வரியைத் தொட்டுக் காட்டினாள்.

“இல்ல,” என்றாள் அமுதவல்லி. “அப்படி மட்டும் நெனக்கல. சந்தேகம் வந்துச்சு. கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிடுமேன்னு கேக்கல.”

அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

அங்கிருந்து நேராக உழவர்கரைக்குப் போனாள். சாமிக்கண்ணுவின் வீட்டுக் கூடத்தில் கட்டுக் கட்டாகப் புத்தகம், பிரிக்காமல் கிடந்தது. முந்நூறு அடித்ததில் நாற்பத்தைந்து பிரதி விழா அன்று காலையே வாசலில் விற்றுப்போய்விட்டது. அவர் அவளை உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொன்னார்.

“ஐயா, அந்த வார்த்தைய நான்தான் மாத்தினேன்.”

“தெரியும்மா. நோட்ட எடுத்துப் பாத்தேன்.”

“அன்னிக்கு மேடையிலயே சொல்லியிருக்கலாமே என் பேர.”

சாமிக்கண்ணு உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எப்படிம்மா சொல்றது? எனக்கு எந்த மூஞ்சி இருக்குது? அன்னிக்கு மில்லுல விசாரணையில கேட்டாங்க, நான் பாக்கலன்னுட்டேன். சுத்தம் பண்ணி முடிச்சுட்டான்னு நெனச்சு சுவிச்ச போட்டவன் நானு. முருகையன் தண்ணி குடிக்கப் போயிருந்தான். புள்ள பொறந்து மூணு மாசம் எனக்கு. வாய மூடிக்கினேன். நாப்பது வருஷம் மூடிக்கினு, அவன் செத்த பெறகு நோட்டு வாங்கினேன். எழுதறப்பகூட தைரியமா மொதல்ல எழுதல. நாலுல பழைய பொய்யையே எழுதிட்டு, பதினொண்ணுல ஒரு ஓரமா ஒளிச்சு வெச்சேன். ஒளிச்சு வெச்சத நீங்க தொடச்சுட்டீங்க. உங்கள நான் என்னன்னு கேக்கறது?”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். ஒரே கூடத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

“அந்தம்மா வீட்டுக்குப் போவணும் ஐயா. நான் வர்றேன்.”

“என்னால முடியுமான்னு தெரியலம்மா.”

“என்னாலயும்தான்.”

மறுநாள் சாயங்காலம் இருவரும் போனார்கள். சாமிக்கண்ணு பதினோராம் அத்தியாயம் இருந்த நோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்தார். சிந்துஜா கதவைத் திறந்தாள், வாங்க என்று சொல்லவில்லை, வழியை மட்டும் விட்டாள். மணியம்மாள் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“நீ யாரும்மா?”

அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமாக அவள் பழகி வைத்திருந்த எந்தப் பதிலும் உதவவில்லை. “இவரு எழுதினத மாத்தினவ. இவர் ‘நான்’னு எழுதியிருந்தாரு. இவரை ஒரு வார்த்தை கேக்காம நான் அதை உங்க வீட்டுக்காரர் பேரா ஆக்கிட்டேன். சபையில கேட்டப்பவும் வாயத் தெறக்கல.”

சிந்துஜா நோட்டை வாங்கி, அவர் கையெழுத்தைத் தடவித் தடவிப் படித்தாள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். ‘நான் போட்ட சுவிச்சு.’ ‘இத எழுதத்தான் நோட்டு வாங்கினேன்.’

மணியம்மாள் டிவியை அணைத்தார். பேசியபோது அமுதவல்லியிடம் பேசவில்லை.

“அண்ணே, அந்தாளு சாவற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கினு இருந்தாரு. நான் தண்ணி குடிக்கப் போனேன், நான் தண்ணி குடிக்கப் போனேன்னு. நானே நம்பல. ஒருநாள் சண்டையில, உன்னாலதான் ஒருத்தன் வெரலு போச்சுன்னு நானே சொன்னேன். கட்டினவ சொன்னேன்.” அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “நோட்டுல எழுதி இன்னா ஆவப்போவுது? ஆறு வருஷத்துக்கு முன்ன இந்த வாசல்ல வந்து சொல்லியிருந்தா ஆயிருக்கும்.”

சாமிக்கண்ணு கும்பிட்ட கையை இறக்கவில்லை. மணியம்மாள் அதைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனார். அமுதவல்லியை அவர் திட்டவுமில்லை, மன்னிக்கவுமில்லை. அவளைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

புத்தகம் ஏழு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. பழைய கட்டுகளைச் சாமிக்கண்ணுவே ஆள் வைத்துப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார். இந்த முறை இனியா அவரோடு உட்கார்ந்தாள். புத்தகம் எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிட்டதால், அந்தச் சுவிட்சு முதல் பக்கத்துக்கு வந்தது. முருகையனைப் பற்றி அவருக்கே மறந்துபோயிருந்ததையெல்லாம் அவள் கேட்டுக் கேட்டு வாங்கினாள். ‘ஒட்டிக்கினு’ ஒட்டிக்கொண்டபடியே இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, மெய்ப்பை அமுதவல்லிதான் பார்க்க வேண்டும் என்று சாமிக்கண்ணு சொன்னார். அவள் முடியாது என்றாள். “நீங்க பாக்கலன்னா தப்பு வுட்டுடுவாங்கம்மா,” என்றார். அதற்குமேல் மறுக்க அவளுக்கு யோக்யதை இருப்பதாகத் தோன்றவில்லை. பார்த்தாள். இருபத்துமூன்று இடத்தில் பென்சிலால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினாள். அதில் இரண்டு மூன்று அபத்தமான கேள்விகள் என்று அவளுக்கே தெரியும்.

இரண்டாவது பதிப்புக்கு விழா வைக்கவில்லை. மணியம்மாள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. சிந்துஜா மட்டும் அச்சகத்துக்கு வந்து இரண்டு பிரதி வாங்கிப் போனாள், ஒன்று அம்மாவாசையின் வீட்டுக்கு என்றாள்.

வாசலில் போன நாற்பத்தைந்தில் இருபத்தெட்டை அமுதவல்லி வீடு வீடாகப் போய், காரணம் சொல்லி, புதியதைக் கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டியிருந்தது. பழகவேயில்லை. ஒரு வீட்டில் மில்காரர் ஒருவர், “முருகையன்தானே போட்டான்? எனக்கே தெரியுமே,” என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார். வெயிலில் அவர் படியில் நின்று அவள் முக்கால் மணிநேரம் பேசினாள். அவர் கொடுக்கவில்லை. மீதிப் பதினாறும் யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது.